திகிஸ்தின் பேக்கரி

திகிஸ்த் எத்தியோப்பியாவிலிருந்து பெண்டிகோ நகருக்கு எங்கள் தத்து மகளாக வந்து நான்கு வருடமாகிறது. வயது ஏழு, உயரம் ஐந்து வயதுக்குத்தான். இன்னும் என்னை ரோண்டா என்றும் என் கணவரைக் காலின் என்றும்தான் கூப்பிடுகிறாள். தினமும் தலையணைக்கு அடியில் ரொட்டியை ஒளித்து வைப்பாள்.

“சின்ன வயசுல பட்ட பட்டினி. வயிறு நிறைஞ்சாலும் பயம் லேசுல போகாது. திட்டாதீங்க” என்றிருந்தார் டாக்டர்.

காலின் மட்டும் கேலி செய்வார். “மேடம், உங்க பேக்கரிய எப்பத் திறப்பீங்க?”

அவள் சிரிக்கவே மாட்டாள்.

நேற்றுக் காலை படுக்கை விரிப்பை மாற்றியபோது, அவள் தலையணைக்கு அடியில் ஒன்றுமே இல்லை.

“காலின், பயம் போயிடுச்சு! நம்மள நம்பிட்டா!”

“எறும்புங்கதான் பாவம்” என்றார்.

அடுத்து எங்கள் விரிப்பை மாற்றப் போனேன். என் தலையணைக்கு அடியில், காகிதத்தில் சுற்றிய இரண்டு துண்டு ரொட்டி.

திகிஸ்த் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இங்க ஏன்டா வச்சே?”

“எனக்குப் பசிச்சா நீ எழுந்து தருவே, ரோண்டா. உனக்குப் பசிச்சா யாரு தருவா?”

என் பின்னால் வந்து நின்ற காலின் மெல்லக் கேட்டார். “அப்ப எனக்கு?”

“உனக்குத்தான் ரொட்டி பிடிக்காதே. பூட்ஸுக்குள்ள சாஸேஜ் வச்சிருக்கேன். பாத்துக் கால விடு.”