அம்மாவுக்கு மட்டும் அடித்த பெட்ரோல் வாடை

"இந்த வண்டியில நான் ஏற மாட்டேன். பெட்ரோல் வாடை குடலைப் புரட்டுது."

அம்மா பையை வாசலிலேயே வைத்துவிட்டாள். கொஞ்ச நாளாக, வெளியூர் கிளம்பும்போதெல்லாம் இதே கூத்துதான்.

அப்பா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். காலமெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பெரியம்மா வீட்டுக்கு ஹைவேயில் ஜம்மென்று போகலாம் என்று காலையிலேயே காரைத் துடைத்து வைத்திருந்தார்.

மகள் மெக்கானிக்குக்கு போன் போட்டாள். அவர் வந்து பானெட்டைத் திறந்தார்.

"இன்ஜின் சூடா இருக்கும்போது அடிக்குதா, ஆறினப்புறமாம்மா?"

"எப்பவும்தான்."

"எந்தப் பக்கம்?"

அம்மா யோசிக்காமல் ஒரு மூலையைக் காட்டினாள்.

"அது கண்ணாடி கழுவுற தண்ணி டப்பாம்மா!"

"பின்னே, அதுக்குப் பக்கத்துல."

மெக்கானிக் பெட்ரோல் குழாயை நெடுகத் தடவினார். கிளிப்புகளை அசைத்தார். இணைப்புகளை வெள்ளைத் துணியால் துடைத்து அப்பாவிடம் நீட்டினார்.

"ஈரம் இருக்கா பாருங்க சார்."

அப்பா துணியை முகத்தில் ஒட்டிக்கொள்கிற மாதிரி கிட்டே கொண்டுபோனார். "இல்ல தம்பி."

மகளும் குனிந்து மோந்தாள். தூசி வாசனைதான்.

"அம்மா, அப்பா ஆசையா வண்டியைத் தொட்டாலே உனக்குப் பொறுக்காது. உடனே ஒரு குறை!"

"ஆமாண்டி, நான் பொல்லாதவதான். மெக்கானிக் தம்பிக்கு டீ போடறேன்" என்று அம்மா உள்ளே போனாள்.

சற்று நேரத்தில் வாசல்வரை ஒரு வாடை வந்தது. பெட்ரோல் இல்லை, தீய்ந்த பால்.

மகள் சமையலறைக்கு ஓடினாள். அம்மா அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஜன்னல் வழியாக அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெருவே நாறுதும்மா! பக்கத்துல நிக்கிற உனக்குத் தெரியலையா?"

அம்மா திருதிருவென்று விழித்தாள். அடுப்பை அணைத்த பிறகுதான் மகளுக்கு உறைத்தது.

"உன் மூக்கு..."

"போன வருஷக் காய்ச்சலோட போச்சு. கத்தாதே, அப்பாவுக்குத் தெரியாது."

"அப்ப பெட்ரோல்?"

அம்மா குரலைத் தாழ்த்தினாள். "போன தடவை எதிர்ல வந்த லாரியை அவர் பார்க்கவே இல்லடி. நான் கத்தினதாலதான் தப்பிச்சோம். அந்த மனுஷன்கிட்ட, உங்களுக்குக் கண்ணு தெரியல, ஓட்டாதீங்கன்னு எந்த வாயால சொல்ல? வண்டிமேல பழி போட்டா வண்டி கோவிச்சுக்கவா போகுது?"

மகள் வாசலுக்கு வந்தாள்.

"ஒண்ணுமே இல்ல சார், தைரியமா ஓட்டிட்டுப் போங்க" என்று மெக்கானிக் பானெட்டை மூடப் போனார்.

"கொஞ்சம் இரு." அப்பா இன்ஜின்மேல் கவிழ்ந்து நீளமாக மூச்சை இழுத்தார். "அடிக்குதே தம்பி! நல்லாவே அடிக்குது."

மெக்கானிக் மறுபடி மோந்து பார்த்தார். "அப்ப என் மூக்குதான் கெட்டுப்போச்சு போல."

"வண்டியை நீயே எடுத்துட்டுப் போ. ஷெட்டுல போட்டு நிதானமாப் பாரு. எனக்கு அவசரமே இல்ல." சாவியை ஒரு தடவை தடவிவிட்டு மெக்கானிக் கையில் வைத்தார்.

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, "நீ சொன்னதுதான் சரி! டாக்சியிலயே போயிடலாம்!" என்று சத்தமாகச் சொன்னார்.

மகள் அவரையே பார்த்தாள். அப்பா அவள் காதருகே குனிந்தார்.

"ஒரு வருஷமா தீய்ஞ்ச பால்லதான் டீ குடிக்கிறேன். எனக்குத் தெரியும்னு மட்டும் உங்கம்மாகிட்ட சொல்லிடாதே."