சன்னியில் சொன்ன பெயர்

தொண்ணூற்றேழு மார்கழியோ, அடுத்து வந்த தையோ, இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. மழை விட்டு நுளம்பு பெருகிய காலம். ஆனால் சிவனேஸ்வரி தன் புருசனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது மட்டும் பிசகில்லாத உண்மை.

"டேய் கதிர்காமநாதா, இஞ்ச வா."

ஆஸ்பத்திரியின் மலேரியா வாட்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அக்கராயனில் இருபது வருடம் குடும்பம் நடத்தியவள். புருசனை 'இஞ்சாருங்கோ' என்பதைத் தவிர வேறொரு சொல்லால் கூப்பிட்டு அறியாதவள். கட்டிலின் காலடியில் நின்ற கதிர்காமநாதன் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"புருசன்ர பேரைச் சொல்லுறாள். அப்ப இது சன்னிதான்," என்றார் தலைமாட்டில் இருந்த அவளுடைய மாமியார் வீரம்மா.

அதற்குப் பிறகு யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. புத்தி தெளிவாக இருக்கிற எந்தப் பெண் அப்படிக் கூப்பிடுவாள்?

காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்று டொக்டரும் சொல்லி, சேலைனில் குயினைன் ஏற்றச் சொல்லிவிட்டுப் போனார். கிழமைக்கு இரண்டு நாள்தான் அவர் வருவார். நேர்ஸ் நிறஞ்சனா முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவள். வேலைக்கு வந்து நாலு மாதம். அந்தக் கிழமை மட்டும் மூன்று பேரை அவள் வெள்ளைத் துணியால் மூடி அனுப்பியிருந்தாள். சிவனேஸ்வரி நாலாவது ஆளாகிவிடுவாளோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

சன்னியில் சிவனேஸ்வரி பேசியதெல்லாம் ஒரே விசயம். மகள் யதுர்ஷிகாவுக்கு வயது பதினாறு. உழவு மெசின் வைத்திருக்கும் பூநகரி ஆள் ஒருவருக்கு, முப்பத்தாறு வயதுக்காரருக்கு, அவளைக் கட்டிவைப்பதாகக் கதிர்காமநாதன் வாக்குக் கொடுத்திருந்தார். கல்யாணத்தைப் பதியும் எழுத்துக்கு நாளும் குறித்தாயிற்று. வீட்டில் ஒருவரையும் அவர் கேட்கவில்லை.

"என்ர பிள்ளை படிக்கவேணும். நான் செத்தாலும் வந்து மறிப்பன், கதிர்காமநாதா," என்று கூரையைப் பார்த்துச் சொன்னாள் சிவனேஸ்வரி.

பக்கத்துக் கட்டிலில் நடுங்கிக்கொண்டு கிடந்த றோஸ்மேரி போர்வைக்குள்ளிருந்து குரல் கொடுத்தாள். "மாதாவே, இந்தச் சன்னியை எனக்கும் ஒருநாளைக்குத் தா. என்ர மனுசனோடயும் கொஞ்சம் கதைக்கக் கிடக்கு."

காய்ச்சல்காரர்கள்கூடச் சிரித்தார்கள். கதிர்காமநாதன் சிரிக்கவில்லை. சன்னியில் வருகிற சொல் சும்மா வருவதில்லை, அதில் கோயில் அம்மாளும் சேர்ந்திருப்பா என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

வாட்டில் இருந்த ஒரே தேர்மோமீற்றர் உடைந்து இரண்டு கிழமை. புதியது வந்து சேரவில்லை. பாயில் கிடந்தவர்களையும் சேர்த்து அறுபது பேருக்கு நிறஞ்சனா ஒருத்தி. ஒவ்வொருவரிடமும் போய்க் காய்ச்சல் எப்படியென்று கேட்பாள். பக்கத்தில் இருக்கும் சொந்தக்காரர் நெற்றியில் கைவைத்துச் சொல்வதை எழுதிக்கொள்வாள். வீரம்மா மூன்று நாளும் ஒரே பதில்தான் சொன்னார்.

"கொதிக்குது, பிள்ளை."

நாலாம் நாள் காலை வீரம்மா சுடுதண்ணி எடுக்கப் போயிருந்தார். சேலைன் ஊசியைப் பார்க்கக் குனிந்த நிறஞ்சனாவின் கை தற்செயலாகச் சிவனேஸ்வரியின் நெற்றியில் பட்டது. விடியற்காலைக் குளத்துத் தண்ணீர் மாதிரிக் குளிர்ந்திருந்தது.

சிவனேஸ்வரி கண்ணைத் திறந்தாள். தெளிந்த கண்.

"முதல் நாள் என்ன சொன்னனெண்டு எனக்குத் தெரியாது, மிஸி. முழிச்சுப் பாத்தா, இவர் காலடியில தலையைக் குனிஞ்சுகொண்டு நிக்கிறார். சாகப்போறன் எண்டு பயந்துகொண்டு கிடந்தனான். அதைப் பாத்த உடன அந்தப் பயமும் போயிட்டுது. பிறகு நானேன் சன்னியை விடப்போறன்?"

நிறஞ்சனா சேலைன் ஊசியின் மேல் பிளாஸ்டரை அழுத்தி ஒட்டினாள்.

"மாமிக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. மகன்ர சொல்லுக்கு ஒருநாளும் மறுசொல்லுச் சொல்லாத மனுசி. அறிஞ்சா நேர அவரிட்டப் போய்ச் சொல்லிப்போடுவா."

அந்த எழுத்து நடக்கவில்லை. கதிர்காமநாதன் சைக்கிளில் பூநகரிக்குப் போய், கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்கினார். அது சன்னியில் வந்த கட்டளை என்றே சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். சிவனேஸ்வரி அடுத்த புதன்கிழமை வீடு போய்ச் சேர்ந்தாள். யதுர்ஷிகா படித்து ரீச்சரானாள். றோஸ்மேரி அந்த வாட்டிலேயே செத்துப்போனாள். வீரம்மா இரண்டு வருடம் கழித்துக் காலமானார்.

அந்த நாலாம் நாள் காலை சுடுதண்ணிப் போத்தலோடு திரும்பிவந்த வீரம்மா, வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார். ஈரத்துணியைப் பிழிந்து மருமகளின் நெற்றியில் விரித்தார். பிறகு அவளுடைய காதருகே குனிந்து சொன்னது பக்கத்தில் நின்ற நிறஞ்சனாவுக்கும் கேட்டது.

"அவன் வாசலில நிக்கிறான். நேற்றுப் பேசினது காணாது, பிள்ளை. இண்டைக்கு இன்னும் கொஞ்சம் சத்தமாப் பேசு."