லயத்தில் எடுத்த படம்

"புனிதா! எறங்கு கீழ! இது என்ன சினிமா ஷூட்டிங்கா?"

தனேஸ்வரன் போட்ட சத்தத்தில், ஈப்போ ரயில் நிலையத்துக்கு எதிரே நின்றிருந்த சுற்றுப்பயணிகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

போர் நினைவுத் தூணின் படியில் உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்து, உதட்டைக் குவித்து செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தாள் அவர் மகள். காம்பாரில் பல்கலைக்கழகத்தில் படிக்கிற பெண்.

"ஒரு படம்தானப்பா..."

"ஒரு படமா? ஜப்பான்காரன் காலத்துல சயாமுக்குத் தண்டவாளம் போடப் போயி, திரும்பி வராதவங்களுக்கும் சேர்த்துத்தான் இந்தத் தூணு. எங்க தாத்தாவோட தம்பியும் அதுல ஒருத்தரு. அங்க உக்காந்து பல்லைக் காட்டுறே!"

புனிதா எழுந்துபோய்க் காடியின் பின் சீட்டில் ஏறிக்கொண்டாள்.

"விடுங்க அண்ணே, சின்னப் புள்ளைலா" என்றாள் கலாதேவி. தனேஸ்வரனின் தங்கை. மலேசியாவை விட்டு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் குடியேறிப் பல வருஷம் ஆகிவிட்டது. அவளுக்கு ஊரைச் சுற்றிக் காட்டத்தான், மேசை நாற்காலி செய்கிற தன் ஃபேக்டரியை சூப்பர்வைசரிடம் விட்டுவிட்டுக் கிளம்பியிருந்தார் தனேஸ்வரன்.

"சின்னப் புள்ளையா? இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்குப் பழசும் தெரியாது, அடுத்தவன் கஷ்டமும் தெரியாது. எந்நேரமும் போனு, போனு!"

ஈப்போவைத் தாண்டி அரை மணி நேர ஓட்டம். பழைய ரப்பர் தோட்டம் ஒன்றில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த ஒரு லயத்தை இடிக்காமல் காட்சிக்கு வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துக்கொள்கிற சன்னாசி என்ற பெரியவர் கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே போனதும் தனேஸ்வரன் தங்கையின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"பாரு கலா. இந்த ஒரு ரூம்ல எட்டுப் பேரு. சமையலும் இங்கதான், படுக்கையும் இங்கதான். காய்ச்சல்ல கெடந்தாலும் விடமாட்டாங்களாம். வேலை வாங்குற மண்டோர் வந்து போர்வையை உருவி வேலைக்கு வெரட்டுவானாம்."

"தொரை வந்து பாக்கவே மாட்டாரா அண்ணே?"

"அவன் எதுக்கு வர்றான்? பங்களாவுல காத்தாடிக்குக் கீழ உக்காந்திருப்பான். மனுசனை மனுசனா நெனச்சாதானே வந்து பாக்கத் தோணும்!"

கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடிப்பில்லை. நிஜமாகவே அழுகை வந்துவிட்டது அவருக்கு.

புனிதா வாசலில் நின்றபடி இரண்டு மூன்று படம் எடுத்தாள்.

"இதை எடு, இதுல அர்த்தம் இருக்கு" என்றார். "எங்க, குடு இப்படி. என் போனு காடியில கெடக்கு. நம்ம குடும்ப குரூப்ல போடுறேன். எல்லாரும் பாக்கட்டும்."

மகளின் போனை வாங்கிப் படங்களைத் தள்ளினார். வாசல், சுவர், தகரக் கூரை. எதுவும் மனசில் ஒட்டவில்லை. அப்புறம் வரிசையாகப் புனிதாவின் முகம்.

"உன் மூஞ்சிதான் நெறைய இருக்கு!"

அதையும் தள்ளினார். சட்டென்று கை நின்றது.

பாதி இருட்டில் ஓர் அறை. பலகைக்கு மேல் பலகை போட்ட கட்டில்கள். குறுக்கே கட்டிய கயிற்றில் கைலிகள். தரையில் ஒரு கரிச்சட்டி. அதை ஒட்டி, சுருட்டி வைத்த பாய்.

"இது! இதுதான் படம்! பாத்தாலே அந்தக் காலம் கண்ணு முன்னால நிக்குது."

கீழே அவரே எழுதினார். 'தனேஸ் பேசுகிறேன். நம் பாட்டன்மார் பட்ட பாடு. மனிதனை மாடு மாதிரி அடைத்து வைத்த பாவிகள். மறக்க வேண்டாம்.'

அனுப்பிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். புனிதா திரையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

போன் இரைய ஆரம்பித்தது. கலாதேவி எட்டிப் பார்த்துச் சத்தமாக வாசித்தாள்.

"விமலா அக்கா போட்டிருக்காங்க, 'ஐயோ, நெஞ்சு அடைக்குது.' ராஜு மாமா பாருங்க, 'இப்படி வச்சிருந்தவன் குடும்பம் வெளங்குமா?'"

"நல்லாக் கேட்டாரு!" என்றார் தனேஸ்வரன்.

"இன்னொண்ணும் கேக்குறாரு அண்ணே. அந்தத் தொரை பேரு என்னவாம்?"

"அதுவும் சரிதான். அவன் பேரும் ஊருக்குத் தெரியணும்லா." வெளியே நின்ற சன்னாசியைக் கூப்பிட்டார். "ஐயா, இந்த லயத்துக்குக் கடைசியா இருந்த தொரை யாரு? இந்தா, இந்தப் படத்துல இருக்குற ரூம்லாம் யாரு காலத்துல கட்டினது?"

சன்னாசி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, புனிதா நீட்டிய போனைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"இது நம்ம லயத்துல இல்லீங்களே. இங்க எல்லா ரூம்லயும் தரையோட பெரிய பலகைதான். இப்படி அடுக்குக் கட்டில் கெடையாது."

"இல்லையா? பின்ன இது எங்க எடுத்தது?"

புனிதா நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அவள் குரலில் கோபம் இல்லை.

"காலையில நீங்க ஃபேக்டரியில சூப்பர்வைசர்கிட்ட பேசிக்கிட்டு இருந்தீங்கல்ல, அப்ப எடுத்தேன். பின்னால நம்ம பங்களாதேஷ் ஆளுங்க தங்குற ரூமு."

போன் மறுபடியும் இரைந்தது. அவள் கட்டைவிரல் திரைமேல் நின்றது.

"ராஜு மாமா திரும்பக் கேக்குறாரு. தொரை பேரு என்னன்னு எழுதட்டும்ப்பா?"