நடுவில் விட்ட இடம்

அண்ணன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தபின் தம்பி தனியாகப் படமெடுக்க வந்த முதல் வேலை அது. வியாபார மாநாடு முடிந்து, சாயங்காலம் எல்லோரும் கோப்பையும் கையுமாகக் கலகலவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஆட்களை நிறுத்திச் சிரிக்கவைப்பது எப்போதும் அண்ணன்தான். தம்பிக்குப் படம் எடுக்கத்தான் தெரியும். நாலு பேர் முன்னால் பேச வாய் வராது. இன்றைக்குச் சொதப்பினால் இனி யாரும் கூப்பிட மாட்டார்கள்.

தயங்கித் தயங்கிக் கேமராவைத் தூக்கினான். அதற்குள் நெட்டைகள் பின்னால், குட்டைகள் முன்னால் என்று அவர்களே நின்றுவிட்டார்கள். ஒரே சமயத்தில் சிரிக்கவும் சிரித்தார்கள். ஆனால் பார்வை அவன்மேல் இல்லை. அவன் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது.

"இங்க பாருங்க சார்."

"உங்க ஆளத்தாங்க பாக்குறோம். பல்லுக்கு இன்னும் வரி போடலியாம், நல்லா காட்டணுமாம்," என்றார் அவனை வேலைக்குக் கூப்பிட்டிருந்த மேலாளர். "எங்க புடிச்சீங்க இவர? செம நக்கல்."

அண்ணன் போகிற இடமெல்லாம் சொல்லித் தேய்ந்த ஜோக் அது. தம்பி திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்தடுத்து எடுத்துக்கொண்டே இருந்தான். படங்கள் என்னவோ நன்றாகத்தான் வந்தன.

கடைசிப் படத்துக்கு நின்றவர்கள் நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவு இடம் விட்டிருந்தார்கள்.

"கொஞ்சம் நெருங்கி நில்லுங்க சார்."

"இது உங்களுக்காம், வாங்க," என்று மேலாளர் கையை நீட்டினார். "கேமராவ அவரு பாத்துக்கிறாராம்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் கழுத்தில் கிடந்த கேமராப் பட்டை தலைவழியாகக் கழன்று, மெல்ல மேலே போனது.