'இலேசாக'

குர்ஆன் மொழிபெயர்ப்பின் அந்த வசனத்தில் அவள் விரல் நின்றுவிட்டது.

'இலேசாக' என்ற சொல் அடைப்புக்குறிக்குள் இருந்தது.

அரபியில் பார்த்தாள். அங்கே அப்படியொரு சொல் இல்லை. மொழிபெயர்த்தவர் சேர்த்தது. 'அவர்களை அடியுங்கள்' என்று எழுதியபோது அவருக்கு மனம் கேட்கவில்லை போலும்.

ஏன் கேட்கவில்லை?

மார்க்கக் கல்வி முடித்து ஆலிமா பட்டம் வாங்கியபின் மேலப்பாளையத்துப் பெண்களுக்கு அவள் பேசப்போகும் முதல் பயான், மார்க்கச் சொற்பொழிவு. தலைப்பைத் தந்தவர் அவளுக்குப் பாடம் சொன்ன மதரஸா ஹஜ்ரத்.

"புருஷனுக்குக் கட்டுப்படுறதப் பத்திப் பேசும்மா. நிஸா சூராவுல முப்பத்திநாலாவது ஆயத்து இருக்குல்லா."

இருக்கிறது. அவளுக்கு மனப்பாடம். ஆனாலும் இன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல் இருந்தது.

அகராதியை எடுத்தாள். 'அடியுங்கள்' என்பதன் அரபி வினைச்சொல்லுக்கு அரைப் பக்கம் பொருள். அடித்தான். உவமை சொன்னான். பயணம் போனான்.

அதே நிஸா அத்தியாயத்தில் நூற்றியொன்றாவது வசனம். அதே வினை. அங்கே, 'பூமியில் பயணம் செய்தால்'.

அங்கே பயணம் என்று பொருள் தர 'பூமியில்' துணைக்கு இருந்தது. இங்கே இல்லை. அதையும் அவள் தனக்குத்தானே மறைத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு பெண்கள் நிறைந்திருந்தார்கள். திரைக்கு அப்பால் ஹஜ்ரத்.

பொருள் சொல்லிக்கொண்டே வந்தவள் அந்த இடத்தில் நிறுத்தினாள்.

"அடிங்கன்னுதான் அநேகமா எல்லாரும் எழுதியிருக்காங்க. சிலபேரு 'விலகிப்போங்க'ன்னும் சொல்றாங்க. நம்ம நபியவங்க தன்னோட மனைவிமார்ல யாரு மேலயும் கை வச்சதில்ல. அப்ப அந்தச் சொல்லை எப்படிப் புரிஞ்சிக்கிடணும்? நான் தேடிக்கிட்டேதான் இருக்கேன்."

திரைக்கு அப்பால் ஒரு கனைப்பு.

ஆனால் ஒலிபெருக்கியை யாரும் நிறுத்தவில்லை. அவள் துஆ ஓதி முடித்தாள்.

கூட்டம் கலைந்தது. மைதீன் பாத்து மட்டும் எழுந்திருக்கவில்லை. மூன்று பிள்ளைகளின் தாய். அவள் கையூன்றி நகர்ந்து வந்தபோது மணிக்கட்டில் கன்றிப்போன நீலம் தெரிந்தது.

"அந்த எடத்தக் காட்டுங்க ஆலிமா."

காட்டினாள்.

மைதீன் பாத்து தடையில்லாமல் ஓதினாள். ரமலான்தோறும் ஓதி முடிக்கிற வசனம். பொருளோடு ஓதுவது இதுதான் முதல் தடவை.

பிறகு நிமிர்ந்தாள்.

"பொஞ்சாதி சரியில்லைன்னா புருஷன் என்ன செய்யணும்னு இருக்கு. புருஷன் சரியில்லைன்னா?"

கேட்டபின் வாசலைப் பார்த்துக்கொண்டாள்.

"அதுக்கும் இருக்கு. இதே சூராவுலதான்."

"எனக்கு யாரும் சொல்லலியே."

"எனக்கும்தான். நானாத்தான் கண்டேன்."

ஆலிமா பாயில் நகர்ந்து இடம் விட்டாள்.

மைதீன் பாத்து எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.