காயாத சட்டைக் கை

சட்டைக் கை இன்னும் ஈரமாகவே இருந்தது.

அவள் அதைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

ஓடுபாதையின் முனையில் சின்ன விமானம் நின்றுகொண்டிருந்தது. எஞ்சின் ஓடியது. பிரேக்கின் மேல் அவள் கால்.

பின்னிருக்கையில் கோயில் அறங்காவலர் மருதப்பன். மடியில் துணி போட்டு மூடிய ரோஜா இதழ்க் கூடை. கொட்ட வசதியாக அவர் பக்கத்துக் கதவைக் கழற்றியிருந்தார்கள். விமானத்தில் ஏறுவது அவருக்கு இதுதான் முதல் தடவை. ஏறியதும் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

“கோபுரத்துக்கு மேல வந்ததும் ஒரு குரல் குடும்மா. கொட்டிடறேன்.”

வயல்களுக்கு அந்தப் பக்கம் கும்பாபிஷேகம்.

ஹெட்போனில் முதலாளி. “இன்னும் என்னம்மா? ஐயருங்க குடத்தோட மேல ஏறிட்டாங்களாம். இதுல சொதப்புனா அடுத்த கோயில்காரன் எவன் நம்மளக் கூப்பிடுவான்?”

இரண்டு நாளாக மழை. விமானக் கொட்டகையை அவர் சினிமா படப்பிடிப்புக்கு வாடகைக்கு விட்டிருந்தார். விமானம் வெளியே நின்று நனைந்தது.

அதனால்தான் காலையில் அவள் குனிந்து, டாங்கின் அடியிலிருந்து ஒரு குப்பியில் பிடித்துப் பார்த்தாள். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாக நிற்கும். நடுவே ஒரு கோடு தெரியும்.

கோடு இல்லை.

பக்கத்திலேயே முதலாளி கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

சுத்தம் என்று சொல்லிக் குப்பியை வீசிக் கொட்டினாள். கொஞ்சம் சட்டையில் தெறித்தது.

விமானப் பெட்ரோல் பட்டால் சில்லென்று இருக்கும். உடனே காய்ந்துவிடும். இத்தனை வருடமாக அவள் சட்டை அப்படித்தான் காய்ந்திருக்கிறது.

இது தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

மூக்கருகே கொண்டுபோனாள். ரோஜா வாசனை. கூடையை ஏற்றியதும் அவள்தான்.

நாக்கு நுனியால் தொட்டாள்.

தண்ணீர்.

குப்பி முழுக்கத் தண்ணீர். பிறகு கோடு எங்கே தெரியும்?

பெட்ரோலுக்கு லேசான நீலம் உண்டு. அவள் நிறத்தைப் பார்க்கவில்லை. கோட்டைத்தான் தேடினாள்.

எஞ்சின் ஓடுவது குழாயில் மிஞ்சிய பெட்ரோலில். அது ஓடுபாதைக்கு அப்பால் இருக்கும் தென்னந்தோப்பைத் தாண்டும்வரை வருமா?

சாவியைத் திருப்பி அணைக்க வேண்டும்.

கை தயங்கியது.

சத்தம் நன்றாகத்தானே இருக்கிறது.

“போம்மா!” என்றது ஹெட்போன்.

எஞ்சின் ஒருமுறை இருமியது. நின்றது.

அவள் கை இன்னும் சாவியைத் தொட்டிருக்கவில்லை.

முன்னால் விசிறி அசையாமல் நின்றது. புல்லுக்குள் தவளைகள் கத்துவது கேட்டது.

“வந்துட்டமாம்மா?”

திரும்பிப் பார்த்தாள். மருதப்பன் கண்ணைத் திறக்கவில்லை. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தம் மட்டும் வந்தது.

அவர் கூடையைக் கவிழ்த்தார்.

ஈரமான ஓடுபாதையில், சக்கரத்தைச் சுற்றி, இதழ்கள் விழுந்துகொண்டே இருந்தன.