கயிறு கைமாறும் வரை

கயிற்றை விட்டுவிடாதே என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவன் விடவில்லை.

பனி கொட்டிக்கொண்டிருந்தது.

விமானத்திலிருந்து இறங்கிய வெள்ளைப் பெட்டைக்குதிரை, முதல் காலைத் தரையில் வைத்ததும் எடுத்துவிட்டது. மறுபடி வைத்தது. மூக்கால் ஒரு ஊது ஊதிப் பார்த்தது. பிறகு இதென்ன என்பதுபோல அவன் முகத்தைப் பார்த்தது.

அவனுக்கு மட்டும் என்ன தெரியும்? அருப்புக்கோட்டையில் பனி என்றால் மார்கழியில் புல்நுனியில் நிற்பது, அவ்வளவுதான்.

அரபு நாட்டு மன்னர் இந்த ஐரோப்பிய நாட்டு அதிபருக்கு அனுப்பிய பரிசு அது. துணைக்கு வந்த லாயக்காரன் அவன். அந்த அரண்மனையில் ஒரு வழக்கம் உண்டு. கயிறு கை மாறினால்தான் குதிரையைக் கொடுத்ததாக ஆகும். மாறிவிட்டால் மன்னரே நினைத்தாலும் திருப்பிக் கேட்கக் கூடாது.

ஆறு மணி நேரம் வானத்தில் இருந்தார்கள். அதற்குள் கீழே இரண்டு நாடும் முறைத்துக்கொண்டுவிட்டன. இங்கே சபையில் யாரோ எதையோ பேச, அங்கே மன்னருக்குச் சுருக்கென்று தைக்க, தூதரை ஊருக்குக் கூப்பிட்டுக்கொண்டார். நல்ல நேரம் பார்த்தார்கள் போங்கள்! விரித்த சிவப்புக் கம்பளம் பனிக்குள் போய்விட்டது. அதிகாரிகள் கண்ணாடி அறைக்குள் ஆளுக்கொரு போனோடு உலாத்தினார்கள்.

வெளியில் அவனும் குதிரையும், அதை வாங்கிக்கொள்ள வந்த இந்த ஊர் லாயக்காரியும் மட்டும். நரைத்த தலை, சிவந்த மூக்கு. பேச இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. கையுறையைக் கழற்றி, வெறுங்கையைக் குதிரையின் மூக்கருகே நீட்டியபடி நின்றாள். அவளுக்கு அவசரமே இல்லை.

அவனுக்கு உள்ளூரச் சந்தோஷம். சொல்ல வெட்கம்தான். சண்டை முற்றட்டும், நன்றாக முற்றட்டும், வெள்ளச்சி என்னோடு திரும்பி வந்துவிடட்டும்.

அரண்மனை வைத்த பெயர் நூரா. பிறந்த அன்று ஈரம் துடைத்தவன் அவன். வெள்ளச்சி என்றால்தான் அவள் காதைத் திருப்புவாள்.

ஆனால் வெள்ளச்சிக்கு வேர்க்காது.

வெயில் ஏறினால் மற்ற குதிரைகளுக்கு உடம்பெல்லாம் நனையும். இவளுக்கு ஒரு பொட்டு வராது. உள்ளுக்குள் வெந்துகொண்டு நிற்பாள். நனைத்த சாக்கைப் போர்த்தி, மின்விசிறியை முகத்துக்கு நேரே வைத்து, எப்படியோ போன இரண்டு கோடையை ஓட்டினான். அடுத்த கோடை தாங்காது என்று வைத்தியர் அவனிடம்தான் சொன்னார். அரண்மனையில் சொல்ல அவருக்குப் பயம்.

கயிறு இழுபட்டது.

வெள்ளச்சி முன்னங்காலை மடக்கினாள். பனியில் சாய்ந்தாள். புரண்டாள். நாலு காலையும் வானத்துக்குத் தூக்கி, இப்படியும் அப்படியும். குட்டியில்கூட அவள் அப்படிப் புரண்டதில்லை. அடடா, என்ன ஆனந்தம்! அவன் கயிற்றை நீளமாக விட்டுக்கொடுத்தான்.

எழுந்து உடம்பை உதறினாள். எது பனி, எது குதிரை என்று தெரியவில்லை. இரண்டு கறுப்புக் கண்கள் மட்டும் மிதந்து வந்தன. அவன் கழுத்தில் மூக்கை வைத்தாள்.

மூக்கு குளிர்ந்திருந்தது. இத்தனை வருடத்தில் முதல் தடவை.

போன் அடித்தது. அரண்மனை லாயத்து அலுவலகத்திலிருந்து செய்யது பாய், கீழக்கரைக்காரர்.

"சோலமல, கயித்தக் குடுத்துட்டியா?"

அவன் குதிரையைப் பார்த்தான்.

"பரிசும் கிடையாது ஒண்ணும் கிடையாதுன்னு மேலேருந்து சொல்லிட்டாங்க. குடுக்கலன்னா அப்படியே திருப்பி ஏத்து. நாளைக்கு நம்ம லாயத்துல நிக்கணும். என்னப்பா, குடுத்துட்டியா இல்லியா?"

அவன் மனசுக்குள் வேண்டியது கிடைத்துவிட்டது. கயிறு அவன் உள்ளங்கையில்தான் இருந்தது, இரண்டு சுற்று.

பனி சத்தமில்லாமல் விழுந்தது.

"குடுத்துட்டேன் பாய்," என்றான். "இப்பத்தான்."

போனைப் பைக்குள் போட்டான். சுற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தான். லாயக்காரியின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. அதில் கயிற்றை வைத்து, அவள் விரல்களை மூடினான்.

"வெள்ளச்சி," என்று சொல்லிக்கொடுத்தான்.

அவள் தப்பும் தவறுமாகச் சொல்லிப் பார்த்தாள்.

குதிரை அவள் பக்கம் காதைத் திருப்பியது.